சாவி கைக்கு வர மொத்தம் எவ்வளவு?

வேன் வாங்கப் போன ஷோரூம்ல சேல்ஸ் பண்ற தம்பி ஒரு வெள்ளைப் பேப்பரை எடுத்து குறுக்க ஒரு கோடு, நெடுக்க ஒரு கோடு போட்டு நாலு கட்டமா பிரிச்சாரு, எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. அதே நாலு கட்டத்தை பல வருஷம் முன்னாடி நாங்க கார் வாங்கினப்பவும் பாத்திருக்கேன். ஒரு கட்டத்துல வண்டி விலை, அடுத்ததுல நம்ம பழைய வண்டிக்கு எவ்வளவு தருவாங்க, மூணாவதுல நாம கையில இருந்து எவ்வளவு கட்டுவோம், நாலாவதுல மாசத் தவணை. பாக்க எல்லாத்தையும் திறந்து காட்டுற மாதிரிதான் இருக்கும். ஆனா நீங்க ஒரு கட்டத்துல இழுத்துப் புடிச்சு குறைச்ச தொகை சத்தமில்லாம இன்னொரு கட்டத்துல போய் உக்காந்துக்கும், நீங்க ஜெயிச்சுட்டோம்னு நினைச்சு வீட்டுக்கு வருவீங்க. அன்னைக்கு நாங்க அப்படித்தான் வந்தோம். வண்டி விலையில நல்லா குறைச்சாங்க, பழைய வண்டிக்கு அடிமாட்டு ரேட் போட்டாங்க, லோன் ரெண்டு வருஷம் நீண்டுச்சு. மூணையும் சேர்த்துக் கூட்டிப் பாக்கணும்னு எங்களுக்கு யாருக்கும் தோணல.

இந்த தடவை நான் பேப்பரைத் திருப்பி அவர் பக்கமே தள்ளி வச்சுட்டு, "தம்பி, எனக்கு ஒரே ஒரு நம்பர் போதும். வண்டி, வரி, ரெஜிஸ்ட்ரேஷன், உங்க சார்ஜ் எல்லாம் சேர்த்து, சாவி என் கைக்கு வர மொத்தம் எவ்வளவு? பழைய வண்டி, லோன் எல்லாம் அப்புறம்"னு சொன்னேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பத்திதான்.

எதுக்கு வேன்னா, அப்பாவுக்காக. அவர் இப்ப வீல்சேர்லதான் இருக்காரு, கார்ல தூக்கி உக்கார வைக்கிறது அவருக்கும் வலி, தூக்குற அண்ணனுக்கும் முதுகு வலி. வீல்சேரோட அப்படியே ஏத்துற மாதிரி கூரை உயரமா, பக்கக் கதவு தள்ளித் திறக்கிற மாதிரி, சீட்டைக் கழட்டி இடம் பண்ணக்கூடிய பாசஞ்சர் வேன்தான் தீர்வு. வீட்ல எட்டு பேர், எல்லாரும் ஒண்ணா போகணும், அதுவும் ஒரு காரணம்.

வேன்ல ஒரு சிக்கல் இருக்கு, கார் வாங்கினவங்களுக்கு அது தெரியாது. கார்னா ஒவ்வொரு டீலர்கிட்டயும் வரிசையா நிக்கும். பாசஞ்சர் வேன், அதுவும் உயரக் கூரை, நீள வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்), இத்தனை சீட்னு கேட்டீங்கன்னா ஸ்டாக்ல ஒண்ணு ரெண்டு இருக்கும், இல்லைன்னா ஃபேக்டரிக்கு ஆர்டர் போடணும்பாங்க. "இது ஒண்ணுதான் மேடம் இருக்கு, இன்னொருத்தரும் கேட்டிருக்காரு"ன்னு சொன்னா நம்ம மனசு தடுமாறும். அதுவும் அப்பாவுக்கு உடனே வேணும்னு நாமளே வாயைத் திறந்து சொல்லிட்டோம்னா முடிஞ்சுது. எனக்கு என்ன மாதிரி வண்டி வேணும்னு துல்லியமா சொன்னேன், கதவு அகலம், உள் உயரம் எல்லாம் இன்ச் டேப்போட போய் அளந்தேன், ஆனா எப்ப வேணும்னு மட்டும் யாருக்கும் சொல்லல. தேவையைச் சொல்லலாம், அவசரத்தைச் சொல்லக்கூடாது. ஆர்டர் போட்டு காத்திருக்கவும் நாங்க தயாரா இருந்தோம், அது வெறும் பேச்சு இல்ல, வீட்ல உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டுத்தான் கிளம்பினோம். அந்த தயார் நிலை இல்லைன்னா பேரமே பேச முடியாது.

முதல் ஷோரூம்ல நான் தனியா போனேன். வண்டியை எல்லாம் நல்லாத்தான் காட்டினாங்க. விலைன்னு வந்ததும், "சார் வரட்டும் மேடம், அவர்கிட்ட ரேட் பேசிக்கலாம்"னாங்க. பணம் கட்டப் போறது நான். எவ்வளவு கோவம் வந்துச்சுன்னா வீட்டுக்கு வந்தும் அடங்கல. இது என் மனசுக்குப் பட்ட விஷயம் மட்டும் இல்ல, ஆராய்ச்சியே இருக்கு. இயன் அயர்ஸ், பீட்டர் சீகல்மன்னு ரெண்டு பேர் சிகாகோ பக்கம் டீலர்கள்கிட்ட ஆள் அனுப்பி சோதிச்சுப் பாத்து 1995-ல வெளியிட்டாங்க. போனவங்க எல்லாருக்கும் ஒரே வசனம், ஒரே மாதிரி பேரம், பேச வேண்டியதை முன்னாடியே பழக்கி அனுப்பினாங்க, 300-க்கும் மேல விசிட். வெள்ளைக்கார ஆம்பளைங்களுக்குச் சொன்ன விலையை விட பொம்பளைங்களுக்கும் கருப்பினத்தவங்களுக்கும் அதிகமா சொல்லியிருக்காங்க. வண்டி அதே, வார்த்தை அதே, முகம் மட்டும்தான் வேற. அதைப் படிச்ச அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன், என் முகத்தைக் காட்டுறதுக்கு முன்னாடி விலையை எழுத்துல வாங்கிடணும்னு.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு, நியாயமான விலைன்னா எதுன்னு நமக்கே தெரியணும். எங்க வீட்ல பெரியவங்க "கட்டுப்படியாகணும்"னு ஒரு வார்த்தை சொல்லுவாங்க, வாங்குறவனுக்கும் கட்டுப்படியாகணும், விக்கிறவனுக்கும் கட்டுப்படியாகணும். டீலருக்கு எது கட்டுப்படியாகும்னு தெரியாம நாம கேக்குற விலை வெறும் குருட்டு விலைதான்.

கண்ணாடியில ஒட்டியிருக்கிற விலை கம்பெனி பரிந்துரைக்கிற விலை, அவ்வளவுதான். அமெரிக்காவுல 1958-க்கு முன்னாடி அந்த ஸ்டிக்கர் கூட கட்டாயம் கிடையாது, டீலர் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம், அப்புறம் மைக் மன்ரோனின்னு ஒரு செனட்டர் சட்டம் கொண்டு வந்து புது வண்டி மேல விலை விவரம் ஒட்டியே ஆகணும்னு ஆக்கினாரு, இன்னைக்கும் அங்க அந்த ஸ்டிக்கருக்கு அவர் பேர்தான். ஆனா அதுல டீலர் கம்பெனிக்கு எவ்வளவு குடுத்து எடுத்தாருங்கிறது இருக்காது. அதுக்குப் பேர் இன்வாய்ஸ் விலை. அந்த இன்வாய்ஸும் முழு உண்மை இல்ல. வண்டி வித்த பிறகு கம்பெனி ஒரு சின்ன சதவீதத்தை டீலருக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு பல இடத்துல உண்டு, ஹோல்ட்பேக்னு பேரு. அது போக மாச டார்கெட், மூணு மாச டார்கெட் எட்டினா தனி போனஸ். அதனால "இன்வாய்ஸ் விலைக்கே தரேன் மேடம், எனக்கு ஒரு பைசா இல்ல"ன்னு சொன்னா அவர் நஷ்டத்துல தராருன்னு அர்த்தம் இல்ல.

டீலருக்குச் செலவும் இருக்கு, அதையும் பாக்கணும். யார்டுல நிக்கிற வண்டிகளை பெரும்பாலும் அவங்க சொந்தக் காசு போட்டு வாங்கி வைக்கிறதில்ல, அதுக்குன்னே இருக்கிற கடன்ல எடுத்து நிறுத்தியிருப்பாங்க, வண்டி நிக்க நிக்க வட்டி ஓடும். போன வாரம் வந்த வண்டிக்கும் நாலு மாசமா வெயில்ல நிக்கிற வண்டிக்கும் டீலர் மனசு ஒண்ணா இருக்காது. பாசஞ்சர் வேன் மாதிரி எல்லாரும் கேக்காத வண்டி நின்னுடுச்சுன்னா அது அவங்களுக்கு பாரம். "இது உங்ககிட்ட எப்ப வந்துச்சு?"ன்னு கேளுங்க. சொல்லலைன்னா டயரைப் பாருங்க, பக்கவாட்டுல தயாரிப்பு தேதி நாலு இலக்கமா இருக்கும், முதல் ரெண்டு இலக்கம் எத்தனாவது வாரம்னு, அடுத்த ரெண்டு இலக்கம் எந்த வருஷம்னு, 3524-ன்னா 2024-ஓட 35-வது வாரம். சேசிஸ் நம்பர் 17 எழுத்து, பல நாட்டு வண்டிகள்ல அதுல பத்தாவது எழுத்து மாடல் வருஷம், R-ன்னா 2024, S-ன்னா 2025. ஒரு இடத்துல "புது மாடல்"னு காட்டின வண்டி போன வருஷத்து மாடல்னு எனக்கு இப்படித்தான் தெரிஞ்சுது. போன வருஷ மாடல் வாங்குறது தப்பே இல்ல, ஆனா அதுக்கு இந்த வருஷ விலை குடுக்கக்கூடாது, நாளைக்கு நாம விக்கப் போறப்ப ஒரு வருஷம் பழசுன்னுதான் கணக்கு போடுவாங்க.

இன்னொரு விஷயம், கொஞ்சம் பெரிய டீலர்கள்ல வேன், லாரி எல்லாம் விக்க கமர்ஷியல் செக்ஷன், ஃப்ளீட் செக்ஷன்னு தனியா இருக்கும், கம்பெனிகளுக்கு மொத்தமா வண்டி குடுக்கிறவங்க. ஒரு வண்டி வாங்குறவங்ககிட்டயும் பேசுவாங்களான்னு தயங்கினேன். பேசினாங்க. நாள் பூரா வேன் வாங்குறவங்களோடயே பேசுறவங்க, அதனால வீல்பேஸ் என்ன, சீட் ரெயில் எப்படி கழட்டுறதுன்னு கேட்டா பதில் வருது, காபி குடுத்து ரெண்டு மணி நேரம் உக்கார வைக்கிற வேலை இல்ல. வேன் வாங்கப் போறவங்க முன்னாடி ஹால்ல இருக்கிற சேல்ஸ் ஆளுங்களை விட்டுட்டு நேரா அங்க கேக்கலாம்னுதான் நான் சொல்லுவேன்.

அப்புறம் உக்காந்து ஒரு மெசேஜ் எழுதினேன், ஏழு டீலருக்கு அதே மெசேஜ். "இந்த மாடல், இந்த வேரியன்ட், இந்த நீளம், உயரக் கூரை, இத்தனை சீட், இந்த ரெண்டு ஆப்ஷன் மட்டும். கலர் எதுவானாலும் சரி. வரி, ரெஜிஸ்ட்ரேஷன், உங்க எல்லா சார்ஜும் சேர்த்து மொத்த விலையை வரி வரியா பிரிச்சு எழுதி அனுப்புங்க. சேசிஸ் நம்பர், வண்டி ஸ்டாக்ல இருக்கா ஆர்டரான்னும் சொல்லுங்க. எக்ஸ்சேஞ்ச் கிடையாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாத்துட்டு, குறைஞ்ச மொத்த விலை தர்றவங்ககிட்ட வாங்குவேன்." பேரைச் சுருக்கி இனிஷியலோட போட்டேன், சாரா மேடமான்னு தெரியாத மாதிரி. கலர் எதுவானாலும்னு போட்டதுக்குக் காரணம், அப்பதான் அவங்ககிட்ட நிக்கிற வண்டியைத் தள்ளிவிட வாய்ப்பு கிடைக்கும், அந்த சந்தோஷத்துல விலை இறங்கும். அப்பாவுக்கு வண்டி வெள்ளையா சாம்பலான்னு கவலை இல்ல.

ரெண்டு பேர் "நேர்ல வாங்க, பெஸ்ட் ப்ரைஸ் தரோம்"னாங்க. அவங்களை விட்டுட்டேன். எழுத்துல ஒரு நம்பர் குடுக்க மனசில்லாதவங்க நேர்ல என்ன குடுக்கப் போறாங்க. நாலு பேர் ஒழுங்கா அனுப்பினாங்க, அதே வண்டிக்கு அதிக விலைக்கும் குறைஞ்ச விலைக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 9 சதவீதம். வீட்ல இருந்து ஒரு அடி எடுத்து வைக்காம தெரிஞ்ச விஷயம் இது.

இப்படி எழுதி வாங்குறதுல இன்னொரு நல்லது, முதல் நம்பர் நம்ம மனசைப் புடிச்சு வச்சுக்காது. ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு மனோதத்துவ அறிஞர்கள் 1974-ல எழுதின கட்டுரையில ஒரு சோதனை வரும். ஒரு சக்கரத்தைச் சுத்துவாங்க, அது 10-ல இல்லைன்னா 65-ல நிக்கும், அப்புறம் ஐநாவுல ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்னு கேப்பாங்க. 10 பாத்தவங்க நடுவாந்திரமா 25-ன்னு சொன்னாங்க, 65 பாத்தவங்க 45-ன்னாங்க. சக்கரத்துக்கும் ஐநாவுக்கும் என்ன சம்பந்தம், ஆனா மனசு அந்த நம்பர் பக்கத்துலயே சுத்துது. ஸ்டிக்கர் விலையும் அந்தச் சக்கரம்தான். அதுல இருந்து எவ்வளவு குறைச்சீங்கன்னு பேச ஆரம்பிச்சா நாம அவங்க நம்பர்லதான் நிக்கிறோம். எனக்குக் கிடைச்ச நாலு கொட்டேஷன்ல குறைஞ்சதுதான் என் ஆரம்பம்.

கொட்டேஷன்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறப்ப கவனம் வேணும். அந்த நாலுல சேராம, ரொம்ப மலிவா வந்த இன்னொண்ணு நான் கேக்காத வேற வேரியன்ட், பின் ஏசி இல்ல, எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்ல. இதுல நான் விட்டுக் குடுக்கவே மாட்டேன். ஆள் நிறைஞ்ச வேன் காலியான வேன் மாதிரி ஓடாது, எடை மேல ஏறிடும், பின்னாடி தள்ளும். 2001-ல அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 15 சீட் வேன்களைப் பத்தி ஒரு எச்சரிக்கையே குடுத்தாங்க, பத்து பேரோ அதுக்கு மேலயோ ஏத்தினா வண்டி உருண்டு கவிழ்ற விகிதம் அஞ்சு பேருக்குக் கீழ இருக்கிறதை விட கிட்டத்தட்ட மூணு மடங்குன்னு. வண்டி வழுக்கப் போறப்ப தானா பிரேக் பிடிச்சு நேராக்குற ஒரு விஷயத்தை விலை குறைக்கிறதுக்காக விட்டா, எங்க எட்டு பேரையும் அதுல ஏத்த எனக்கு மனசு வராது. குறைக்கணும்னா ஸ்டீரியோவைக் குறைங்க, அலாய் வீலைக் குறைங்க.

வரி வரியா பிரிச்சுக் கேட்டதோட பலன் அப்பத்தான் தெரிஞ்சுது. வண்டி விலை குறைவா போட்ட ஒருத்தர் கீழ ஹேண்ட்லிங் சார்ஜ், டாக்குமென்ட் சார்ஜ், பெயின்ட் கோட்டிங், அடிப்பக்க துரு கோட்டிங், சீட் கவர், டயர்ல நைட்ரஜன்னு ஒரு வரிசையே போட்டிருந்தாரு. நைட்ரஜனுக்குத் தனிக் காசு, நாம மூச்சு விடுற காத்துலயே 78 சதவீதம் அதுதான். பில்லுல வர்ற இந்த மாதிரி தொகைகள்ல ரெண்டு வகை இருக்கு. அரசாங்கத்துக்குப் போறது, வரி, ரெஜிஸ்ட்ரேஷன், அதுல பேரம் கிடையாது, ஆனா சரியான தொகையான்னு நாமளே பாத்துக்கலாம். மத்ததெல்லாம் டீலருக்குப் போறது, பேர் என்னவா இருந்தாலும் அது விலைதான். "இந்த சார்ஜ் எல்லாருக்கும் உண்டு மேடம், சிஸ்டம்ல இருந்து எடுக்க முடியாது"ன்னாங்க. சரி, எடுக்க வேண்டாம், வண்டி விலையில அதே தொகையைக் குறைச்சுடுங்கன்னேன். குறைச்சாங்க.

கடைசியா ரெண்டு டீலர். அவங்ககிட்டதான் நேர்ல போனேன், மாசக் கடைசி வாரத்துல. மாசக் கடைசின்னா மந்திரம் ஒண்ணும் இல்ல, டார்கெட் முன்னாடியே முடிஞ்சிருந்தா யாருக்கும் அவசரம் இருக்காது. ஆனா ஒரு வண்டி குறைஞ்சு நிக்கிற டீலர் மாட்டினா அந்த ஒரு வண்டியால அவங்களுக்கு மொத்த போனஸும் வரும், அப்ப நம்ம வண்டியில லாபமே இல்லைன்னாலும் தருவாங்க. அது எந்த டீலர்னு வெளிய இருந்து தெரியாது, அதனாலதான் பல பேர்கிட்ட கேக்கிறது.

முதல்ல சொன்ன நாலு கட்டம் அந்த ரெண்டுல ஒரு இடத்துலதான். என் கேள்வியைக் கேட்டுட்டு அந்தத் தம்பி "மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்"னு உள்ள போனாரு. இருபது நிமிஷம். வந்தாரு, கொஞ்சம் குறைச்சாரு, திரும்பப் போனாரு. இந்த இருபது நிமிஷம் எல்லாம் நம்மளைக் களைப்பாக்கத்தான்னு எனக்குத் தோணும், பசி, வீட்ல அப்பாவுக்கு மருந்து குடுக்கிற நேரம், எப்படியாவது முடிச்சுட்டுப் போகலாம்னு வரும். மூணாவது தடவை அவர் எழுந்தப்ப நானும் எழுந்தேன், கோவமா இல்ல, "தம்பி, நான் கேட்ட மொத்தத் தொகையை இதுல எழுதி வச்சிருக்கேன், நாளைக்கு மத்தியானம் வரைக்கும் சரின்னா போன் பண்ணுங்க, பழைய விலையையே மறுபடி சொல்றதுக்குப் பண்ண வேண்டாம்"னு சொல்லிட்டு வந்துட்டேன். அந்தத் தம்பி மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, பாவம், விலை அவர் கையில இல்ல.

மறுநாள் காலையிலயே போன் வந்துச்சு. நான் எழுதினதுக்கும் அவங்க சொன்னதுக்கும் ஒரு சதவீதத்துக்கும் கம்மியான வித்தியாசம். அதை நான் இழுக்கல, சரின்னுட்டேன். அண்ணன் கேட்டான், "இன்னும் கொஞ்சம் புடிச்சிருந்தா இறங்கியிருப்பாங்களேம்மா"ன்னு. இறங்கியிருக்கலாம். ஆனா அந்த வண்டியை அடுத்த பல வருஷம் அவங்க ஒர்க்‌ஷாப்லதான் விடப் போறோம், அவங்களுக்கும் கட்டுப்படியாகட்டும்னு தோணுச்சு. எந்த டீலரும் நஷ்டத்துக்கு விக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும், நானும் நாலு கொட்டேஷனைப் பாத்த பிறகு ஏமாந்துட்டோம்னு நினைக்கத் தேவையில்ல. ஸ்டிக்கர் விலையில இருந்து பாத்தா 6 சதவீதத்துக்கு மேல குறைவு, ஆனா நான் அதை வச்சு சந்தோஷப்படல, மத்த மூணு எழுத்து விலையை விடக் குறைவு, அதான் எனக்குக் கணக்கு.

மொத்த விலையை எழுதி கையெழுத்து வாங்கின பிறகுதான் லோன் பேச்சை எடுத்தேன். நாங்க முன்னாடியே ஒரு பேங்க்ல வட்டி கேட்டு வச்சிருந்தோம். டீலர்கிட்ட "10 சதவீதம்தான் மேடம், ஃப்ளாட்"னாங்க. இந்த ஃப்ளாட்டுங்கிற வார்த்தையைக் கேட்டா நின்னு கணக்கு போடுங்க. 100 கடன் வாங்கி அஞ்சு வருஷம், வருஷத்துக்கு 10 வட்டின்னா மொத்தம் 150 கட்டுறோம், மாசம் 2.50. அசல் மாசா மாசம் குறையுது, ஆனா வட்டி முழு 100-க்கும் கடைசி வரைக்கும் ஓடுது. குறையுற அசலுக்குக் கணக்குப் போட்டா அது 10 இல்ல, 17 சதவீதத்துக்கு மேல. பேங்க் சொன்ன 12 சதவீதம் காதுக்கு அதிகமா கேட்டாலும் அதுதான் மலிவு. தவணையை நீட்டுறதும் அப்படித்தான், குறையுற அசலுக்கு 9 சதவீதம்னா 100-க்கு அஞ்சு வருஷத்துல வட்டி கிட்டத்தட்ட 24.50, ஏழு வருஷம்னா 35. "மாசம் இவ்வளவுதான் குறையுது பாருங்க"ன்னு நாலாவது கட்டத்துல காட்டுறது இதைத்தான். பழைய காரை நாங்க வெளியில தனியா வித்தோம், ரெண்டு வாரம் அலைச்சல்தான், ஆனா டீலர் வாய்வார்த்தையா சொன்னதை விட நல்லாவே வந்துச்சு.

டெலிவரி அன்னைக்கு நானும் அண்ணனும் போனோம், பின்னாடி அப்பாவைக் கூட்டிட்டு அண்ணி வந்தாங்க. சேசிஸ் நம்பரை கொட்டேஷனோட ஒத்துப் பாத்தேன், டயர் நாலும் ஒரே வாரம், ஸ்பேர் வீல், ஜாக்கி எல்லாம் இருந்துச்சு, பில்லுல புதுசா எந்த சார்ஜும் முளைக்கல. ரெண்டாவது சாவி மட்டும் இல்ல. "ரெண்டு நாள்ல அனுப்பிடறோம் மேடம், நீங்க வண்டியை எடுத்துட்டுப் போங்க"ன்னாங்க. டெலிவரி பேப்பர்ல ரெண்டு சாவின்னு போட்டிருந்துச்சு, அதுலதான் நான் கையெழுத்துப் போடணும். காத்திருக்கோம்னு சொல்லிட்டு உக்காந்தோம். அப்பா வீல்சேர்ல இருந்தபடியே வண்டியை ஒரு சுத்து சுத்தி கதவைத் தள்ளித் தள்ளிப் பாத்துட்டிருந்தாரு. ஒரு மணி நேரம் கழிச்சு அந்தத் தம்பி எங்கயோ உள்ள இருந்து சாவியைக் கொண்டு வந்து என் கையில குடுத்தாரு, பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன், அதுக்கப்புறம்தான் அப்பாவை ஏத்தினோம்.